கண்ணை மூடியிருந்தால் பேசக்கூடாது

செய்தி வந்தபோது மணி பதினொன்று நாற்பது. தங்கை ஷோரூமின் நடுவில், சுழல் மேடையில் நின்ற மஞ்சள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, ஒரு பல் டாக்டரிடம் போனில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு வண்டி கைக்கு வந்துவிடும், பட்டறையில் கடைசியாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் பாக்கி. அது பொய். டாக்டர் வாங்கிய வண்டி பட்டறையிலேயே இல்லை. அவளுடைய அண்ணன் அதில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஊருக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்தான்.

டாக்டரின் அழைப்பு முடிந்த கையோடு அடுத்த அழைப்பு வந்தது. சோதனை ஓட்டுநர்.

"மேடம், அண்ணன் போயிட்டார்."

"எங்க போனான்? கையெழுத்து போடாம எங்க போனான்?"

ஓட்டுநர், "ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன் மேடம். உயிர் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றான்.

அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஐம்பத்திரண்டு வருஷம் கிடைத்தது அவனுக்கு, அதில் சாக இந்த நாளைப் பார்த்தா எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற மஞ்சள் வண்டியின் கூரையில் கையை ஊன்றினாள். விரல் தடம் பதிந்தது. துடைக்கவில்லை.

அந்த நிறுவனம் விற்பதெல்லாம் பெரிய விலை ஸ்போர்ட்ஸ் கார்கள். இரண்டே இருக்கை, தரையோடு படுத்த உடம்பு. முன்பக்கம் ஷோரூம், பின்பக்கம் பட்டறை, நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் தங்கை; அந்தப் பக்கம் அண்ணன். வண்டி வாங்கியவர் கைக்குப் போகுமுன் அதில் வேண்டாத சத்தம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்வது அவன் வேலை. திருகாணி முடுக்குவதும் பாகம் மாற்றுவதும் மற்றவர்கள் வேலை. இவன் கேட்பான், அவ்வளவே.

அதற்கு அவனிடம் ஒரு முறை இருந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருவான். பெல்ட் போட்டதும் கண்ணை மூடுவான். மூடிய நிமிஷத்திலிருந்து வண்டிக்குள் யாரும் வாய் திறக்கக்கூடாது. இருமக்கூடாது, போனைத் தொடக்கூடாது, முக்கியமாக, "என்னண்ணே, ஏதாவது கேக்குதா?" என்று கேட்கக்கூடாது. புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவன் அப்படிக் கேட்டுத் தொலைத்தபோது, நடுவழியில் இறங்கி ஏழு கிலோமீட்டர் நடந்தே பட்டறைக்கு வந்தவன் இவன். வண்டி போகும் பாதையும் எப்போதும் ஒன்றுதான். பதினான்கு கிலோமீட்டர் வட்டம். பாதிவழி பழைய கான்கிரீட் சாலை, பலகைக்குப் பலகை இணைப்பு எகிறும். மூன்று சுற்று. சத்தம் ஒன்று காதில் விழுந்தால் கண்ணைத் திறக்க மாட்டான். மணிக்கட்டில் வளையல்போல மாட்டியிருக்கும் காகித டேப்பிலிருந்து நகமளவு கிழித்து, கட்டைவிரல் நுனியில் ஒட்டிக்கொள்வான். அதே சத்தம் மூன்று முறை கேட்டதும் கையை நீட்டி, எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தில் டேப்பை ஒட்டிவிடுவான். சத்தம் கேட்காமல் அவன் ஒருநாளும் டேப் கிழித்ததில்லை. பட்டறையில் அவனைப் பிடிக்காதவர்களும் ஒத்துக்கொள்ளும் விஷயம் இது.

பிடிக்காதவர்கள்தான் அதிகம்.

"உள்ள ஒரு கொசு இருக்கு" என்பான், சத்தம் இருந்தால். அதனால் அவனுக்குப் பேர் கொசு. கொசு வந்தாச்சு, கொசு கடிச்சாச்சு, கொசுவத்தி ஏத்துங்கப்பா என்று ஷோரூம் பையன்கள் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சிரிப்பார்கள். அவர்களோடு சேர்ந்து தங்கையும் சிரித்திருக்கிறாள். அண்ணனுக்கு அது கேட்காமலா இருந்திருக்கும்?

பஸ்ஸுக்கு உடம்பு கட்டும் கூடத்தில் தொடங்கியவன் அவன். அங்கே தகரத்தை ஆணி அடித்து நிறுத்துவார்கள். ஓட்டிப் பார்த்தால் பஸ் முழுக்கக் கடகடவென்று ஆடும். ஆயிரம் ஆணியில் எது தளர்ந்தது என்று அவன் பின்சீட்டில் படுத்துக்கொண்டே சொல்லிவிடுவான். அங்கிருந்து எப்படியோ இந்தப் பளபளப்புக்கு வந்து சேர்ந்தான். வந்த மூன்றாம் வருஷம், கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த தங்கையைப் பற்றி மேலாளரிடம் சொன்னதும் அவன்தான். "வாய் நல்லா பேசும் சார். அது ஒண்ணுதான் அவகிட்ட இருக்கு" என்று சிபாரிசு செய்தான். வேலை கிடைத்தது. அந்த இரண்டாவது வாக்கியத்தை அவள் மன்னிக்கவேயில்லை.

வாயை வைத்தே அவள் மேலே வந்தாள். ஆனால் வாயில் வந்த சரக்கு யாருடையது என்பதில்தான் சண்டை ஆரம்பமானது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் பேச்சுவாக்கில், "நல்ல ஸ்போர்ட்ஸ் கார்னா என்னடா அண்ணா? ஒரே வரியில சொல்லு" என்று கேட்டாள்.

"ஒரே வரியில சொல்ல அது என்ன பல்பொடியா?" என்றான். கை காயும்வரை பேசினான். "வேகத்தை விடு. மலை மேலேருந்து உருட்டி விட்டா பாறாங்கல்லும் வேகமாப் போகும். போற வேகத்துல நிறுத்தினா, மடியில இருக்கிற குழந்தை முழிச்சுக்கக்கூடாது. அதான் பிரேக்கு. ரோட்டுல கிடக்கிற சின்னக் கல்லக்கூட ஸ்டியரிங் உள்ளங்கைக்குச் சொல்லணும், ஆனா முழங்கைக்குத் தெரியக்கூடாது. வளைவுல சீட்டு ஆளப் புடிச்சுக்கணும், நாம சீட்டப் புடிச்சுக்கக்கூடாது. எஞ்சின் பின்னாலேருந்து உறுமட்டும், அது அதோட பொழப்பு. அதத் தவிர உள்ள வேற எவனும் வாயத் திறக்கக்கூடாது. காசு குடுத்தவன் எதக் கேக்க காசு குடுத்தானோ அத மட்டும்தான் கேக்கணும்."

அடுத்த வாரமே அவன் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தபோது, அவள் ஒரு வாடிக்கையாளரிடம், மடியில் குழந்தை உட்பட, ஒரு சொல் விடாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அன்றே வண்டிக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் அவளுக்கு விருது கொடுத்தார்கள். மேடையில் அவள் எல்லாருக்கும் நன்றி சொன்னாள், தேநீர் கொடுப்பவர் வரைக்கும். அண்ணன் பெயரை மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டது என்று பிறகு சொன்னாள். மறக்கவில்லை.

"என் வாயிலேருந்து எடுத்து வித்துட்டே" என்றான் அவன்.

"உன் வாயில இருந்தவரைக்கும் அத யாரு வாங்கினா?" என்றாள் இவள்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் இருந்த பேச்சு அட்டை வழியாகத்தான். சத்தம் இருந்தால் அவன் வண்டியின் உள் கண்ணாடியில் சிவப்பு அட்டை மாட்டுவான். வண்டியின் எண், தேதி, சத்தம் வரும் இடம், கையெழுத்து என்று நாலு கட்டம். சரியானதும் பச்சை. பச்சை இல்லாமல் எந்த வண்டியும் வாசலைத் தாண்டாது. கடந்த ஆறு மாதத்தில் சிவப்பு தொங்கிய பதினொரு வண்டியில் எட்டு அவள் விற்றவை.

வீட்டிலும் அவன் அப்படித்தான். சுவர்க் கடிகாரத்தின் முதுகில் கம்பளித் துண்டு, மின்விசிறியின் கழுத்தில் ரப்பர், நாற்காலிக் கால்களுக்குச் சாக்ஸ். அண்ணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்: "இந்த மனுஷனக் கட்டிக்கிட்டதிலேருந்து நான் பிஸ்கட்ட நனைக்காம தின்னதில்ல." சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். தங்கைக்குச் சிரிப்பு வராது. அவளுக்கு இந்தத் தொல்லை பன்னிரண்டு வயதிலேயே பழக்கம். பரீட்சை நாளில், சைக்கிளில் ஏதோ ஆடுகிறது என்று வாசலில் மறித்துப் பிடுங்கி வைத்துக்கொண்டான். நடந்து போனாள். இருபது நிமிஷம் தாமதம், இரண்டு கேள்வி போச்சு. சாயந்திரம் வந்து பார்த்தால், மட்கார்டு திருகு ஒன்று தளர்ந்திருந்ததாம். வெறும் மட்கார்டு. சக்கரமோ பிரேக்கோ இல்லை. ஆபத்து ஒன்றுமில்லாத ஒரு சத்தத்துக்காகத் தன்னை நடக்கவிட்டவன் என்று அன்றைக்கு மனசில் குறித்துக்கொண்டாள்.

பல் டாக்டரின் வண்டியில் சிவப்பு அட்டை மூன்றாம் முறை தொங்கியபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு தடவை கதவுப் பலகையைக் கழற்றி மாட்டியாயிற்று. வேறு யார் காதிலும் எதுவும் விழவில்லை. டாக்டர் தினமும் போன் செய்து கழுத்தை அறுத்தார். அவள் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினாள். இல்லாத சத்தத்தை இருப்பதாகச் சொல்லி, சொந்தப் பொறாமையால், தன் வண்டிகளை இவர் வேண்டுமென்றே நிறுத்துகிறார். சத்தம் அளக்கும் கருவி ஒன்று வாங்கினால் இந்த ஆள் தேவையில்லை. கடைசி வாக்கியத்தை எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள்.

மேலாளர் சளைத்தவரில்லை. கடிதத்தை அப்படியே அண்ணனிடம் காட்டிவிட்டார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவள் பட்டறைக்குள் போனபோது அவன் அந்த வண்டியின் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். முகம் வெளிறியிருந்தது. அவள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாள்.

"படிச்சேன்" என்றான். "எழுத்து அழகா இருக்கு."

"மூணு மணிக்கு வண்டி போகணும்."

"உள்ள கொசு இருக்கு."

"கொசு வண்டியில இல்ல, உன் வயித்துல இருக்கு. நான் வித்தா உனக்குப் பத்திக்கிட்டு எரியுது."

பட்டறையில் எல்லாரும் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு, நிறுத்தாததுபோல் நின்றார்கள். அண்ணன் குரலை உயர்த்தவில்லை. அவனுக்கு அது வராது.

"இன்னொரு தடவ போறேன். சத்தம் இல்லன்னா காத அறுத்து உன் மேசையில வெக்கறேன்."

"காத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? கையெழுத்து போடு, போதும்."

அவள் அவனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். அவன் பழைய டேப் தீர்ந்துவிட்டது என்று புது உருளை ஒன்றை எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, குனிந்து, அந்தத் தாழ்ந்த இருக்கைக்குள் இறங்கினான்.

ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில், பெஞ்சில் உட்காராமல், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான் ஓட்டுநர். அவளைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டான்.

"எப்போ ஆச்சு?"

"தெரியல மேடம்."

"பக்கத்துல உக்காந்திருந்தவன் நீ. தெரியலைன்னா?"

"டாக்டர் சொல்றார், இங்க கொண்டு வரும்போதே முக்கால் மணி நேரம் ஆயிருக்கலாமாம்."

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். கணக்கு முடிந்ததும் அவள் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. "செத்துப்போன ஆளப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ரெண்டு சுத்து ஓட்டினியா? மனுஷனாடா நீ?"

"கண்ண மூடியிருந்தார் மேடம்." ஓட்டுநர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. "கண்ண மூடியிருந்தா பேசக்கூடாதுன்னு அவர்தானே சொல்லி வெச்சிருக்கார். ஒன்பது வருஷமா நான் பேசினதில்ல. மூணாவது சுத்து முடிஞ்சு மரத்தடியில நிறுத்தினேன். அங்கதான் கண்ணத் திறந்து தண்ணி கேப்பார். திறக்கல. சரி, இன்னும் யோசிக்கிறார்னு எஞ்சின அணைச்சுட்டு நானும் சும்மா உக்காந்திருந்தேன்."

"தலை சாஞ்சிருக்குமே! உடம்பு ஆடியிருக்குமே!"

"சாயவேயில்ல மேடம். வளைவுலகூட. அந்த சீட்டு அப்படியே புடிச்சு வெச்சிருந்துது."

வளைவில் சீட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை பேரிடம் எத்தனை முறை அவள் அதைச் சொல்லி விற்றிருக்கிறாள். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அதற்குள் மேலாளர் போன் செய்தார். வருத்தம் தெரிவிக்க ஒரு வாக்கியம் எடுத்துக்கொண்டார். பிறகு, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே? உள்ள ஏதும் கறை, கிறை?" என்றார்.

"இல்ல சார்."

"நல்லது. டிரைவர்கிட்ட கொடுத்தனுப்பும்மா. பச்சை அட்டையில நீயே போட்டுடு. சத்தம் இல்லன்னு நீதானே எழுத்துல கொடுத்திருக்கே. மூணு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். தான் எழுதியது உண்மைதான் என்று அவள் அப்போதும் நம்பினாள். நம்பவேண்டியிருந்தது. பொறாமைக்காரனோடு சண்டை போட்டவள் என்றால் வாழ்ந்துவிடலாம். வேறு விதமாக இருந்தால் எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

அண்ணி ஆட்டோவில் வந்து இறங்கினாள். வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். தங்கை எழுந்து கையைப் பிடிக்கப் போக, அண்ணி கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆள் தேவையில்லன்னு எழுதியிருந்தியாமே. ராத்திரி பூரா அதையேதான் சொல்லிட்டிருந்தார். இப்ப சரியாப்போச்சா?"

"அண்ணி, நான்..."

"பேசாத. உன் குரலக் கேக்கவே புடிக்கல எனக்கு."

இருவரும் அவனைக் கிடத்தியிருந்த அறைக்குள் போனார்கள். ஓட்டுநர் வாசலில் நின்றான். ஆஸ்பத்திரிப் பணியாளர் ஒரு பையைக் கொடுத்து, "கடிகாரம், கண்ணாடி, சாவி, ஒரு டேப் உருண்டை. சரி பாத்து கையெழுத்துப் போடுங்க" என்றார். அண்ணி போர்வைக்குள்ளிருந்து அவன் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தடவிக்கொண்டே இருந்தவள் நின்றாள்.

"இது என்ன? விரல்ல காயமா?"

கட்டைவிரல் நுனியில், நகமளவு, காகித டேப்.

தங்கை பையிலிருந்த புது டேப் உருளையை எடுத்துப் பார்த்தாள். காலையில்தான் பிரித்தது. ஒரே ஒரு துண்டு கிழிபட்டிருந்தது.

அவள் வாசலுக்கு வந்தாள். ஓட்டுநரின் கண்ணும் அந்த விரல்மேல்தான் இருந்தது.

"எந்த இடத்துல கிழிச்சான்?"

"நான் ரோட்டப் பாத்துட்டிருந்தேன் மேடம்."

"ஒரு சத்தம்கூடவா உனக்குக் கேக்கல? யோசிச்சுச் சொல்லு. கான்கிரீட் ரோட்டுலயா, அதுக்கு முன்னாடியா?"

"எனக்கு அந்தக் காது இல்ல மேடம்." பிறகு மெதுவாகச் சொன்னான்: "யாருக்குமே இல்ல."

அவள் மேலாளரை அழைத்தாள். "வண்டி இன்னிக்குப் போகாது."

"ஏன்? என்ன பிரச்சினை?"

"உள்ள சத்தம் இருக்கு."

"எங்க?"

"தெரியாது."

"கிண்டல் பண்றியா? நீ எழுதின லெட்டர் என் மேசையில இருக்கு."

"கிழிச்சுப் போடுங்க."

"நான் ஏம்மா கிழிக்கணும்? ஃபைல்ல இருக்கட்டும். உனக்குத்தான் பின்னாடி உதவும்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

இறுதிச் சடங்கு முடிந்த பிறகு அண்ணி அவளோடு பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. ஐந்தாம் நாள் அவள் வேலைக்குப் போய், யாரிடமும் கேட்காமல், பல் டாக்டர் வண்டியின் சாவியை எடுத்து ஓட்டுநரிடம் கொடுத்தாள். பக்கத்து இருக்கையில் இறங்கி உட்கார்ந்தாள். அது அவளை இரண்டு விலாவிலும் பிடித்துக்கொண்டது. பெல்ட்டைப் போட்டாள், கண்ணை மூடினாள்.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர். எஞ்சின் உறுமியது. கான்கிரீட் பலகைகள் டக், டக் என்று அடியில் போயின. தோலின் வாசனை வந்தது. ஓட்டுநர் மூக்கைக்கூட உறிஞ்சவில்லை. இருபது வருஷம் இந்த வண்டிகளை விற்றவள், ஒன்றை முதல்முறையாகக் கேட்டாள். கேட்கக் கூடாதது எதுவும் கேட்கவில்லை. வண்டி நின்றது, எஞ்சின் அணைந்தது. மரத்தடி என்று தெரிந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. அணைந்த பிறகாவது ஏதாவது ஒன்று, எங்கேயாவது ஒன்று, என்று காத்திருந்தாள்.

"மேடம்!" ஓட்டுநர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "மேடம்! மேடம்!"

"இருக்கேன்" என்றாள் அவள். "இன்னொரு சுத்து ஓட்டு."

அன்று ஐந்து சுற்று. மறுநாளும் போனாள். அதற்கு அடுத்த வாரம் கருவி வந்தது, அவள் கடிதத்தில் கேட்டிருந்த அதே கருவி. அது ஒன்றும் இல்லை என்றது. மேலாளர் தன் கையாலேயே பச்சை அட்டையில் கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பிவைத்தார். பல் டாக்டர் போன் செய்து, வண்டி பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார்.

கழற்றிய சிவப்பு அட்டை தங்கையின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வண்டி எண், தேதி, கையெழுத்து மூன்றும் அண்ணன் எழுத்தில் உள்ளன. 'சத்தம் வரும் இடம்' என்ற கட்டம் நிரப்பப்படவில்லை.